திருப்பூரிலிருந்து நான்கு நாள்: ஒன்பது வயது மகனுடன் மலையும் கடலும் – வழித்தட ஆலோசனை தேவை

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். மே மாதக் கடைசி வாரத்தில் நானும் என் மகனும் மட்டும் காரில் நான்கு நாள் பயணம் செல்ல எண்ணியிருக்கிறோம். அவனுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பை முடித்திருக்கிறான். அவனுடைய அப்பா வெளிநாட்டில் இருப்பதால் வண்டியை நான் ஒருத்திதான் ஓட்ட வேண்டும். இரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். ஏற்காடு வரை ஒருமுறை சென்று வந்திருக்கிறேன்.

நான் போட்டு வைத்திருக்கும் வழி இதுதான்: திருப்பூரிலிருந்து ஊட்டி, அங்கிருந்து கூடலூர், நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு, பிறகு கடலோரமாகக் கொச்சி, கொச்சியிலிருந்து மூணாறு ஏறி, மறையூர், உடுமலை வழியாக வீடு. மலையும் வேண்டும், கடலும் வேண்டும் என்பது அவன் விருப்பம். இது நான்கு நாளில் அடங்குமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர்:

அடங்கும், நீங்கள் இருவரும் வண்டியை விட்டு இறங்காமல் இருந்தால். உங்கள் திட்டத்தைத் தாளில் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வருகிறது. சமவெளியில் இது பெரிய தூரம் அன்று. ஆனால் நீங்கள் இரண்டு தனித்தனி மலைத்தொடர்களில் ஏறி இறங்குகிறீர்கள். மலைப்பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் போனால் அதுவே நல்ல வேகம் என்பதையும், கோழிக்கோட்டிலிருந்து கொச்சி வரையிலான கடலோரச் சாலை ஊருக்குள் ஊராக நீள்வதையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் ஆறேழு மணி நேரம் ஓட்டுவீர்கள். தம்பிக்கு நினைவில் நிற்கப்போவது முன்னிருக்கையின் முதுகுப்புறம் மட்டுமே.

ஊட்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்பது தெரிந்திருக்கும். 2025 கோடையில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கு வார நாட்களில் 6000 வண்டிகள், வார இறுதியில் 8000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். மே மாதத்தில் அங்கே போவது மலையைப் பார்க்கவா, முன்னால் நிற்கும் வண்டியின் எண் பலகையைப் பார்க்கவா என்று எனக்கு நெடுநாளாக ஐயம் உண்டு.

நாற்பது வளைவு:

கணக்கர் சொல்வது சரி. நான் பொள்ளாச்சிக்காரன், அரசுப் பேருந்தில் மலைத் தடத்தில் பல ஆண்டுகள் ஓட்டி ஓய்வு பெற்றவன். அம்மணி, ஒரே ஓட்டுநர், உடன் ஒரு குழந்தை என்றால் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் போதும். இரண்டாவது மலையை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை:

இருவருக்கும் நன்றி. மூணாற்றை எடுத்துவிட்டேன், ஊட்டியையும் எடுத்துவிடலாம் போலிருக்கிறது. இந்தப் பயணம் எப்படித் தொடங்கியது என்பதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 'ஆறுகள் மலையில் பிறந்து கடலில் கலக்கின்றன' என்று பாடத்தில் படித்துவிட்டு, "நம்ம நொய்யல் எந்தக் கடலுக்குப் போகுது?" என்று கேட்டான். காவிரியில் சேர்ந்து கிழக்கே போகிறது என்றேன். "அப்படின்னா ஒரு ஆத்துக்கூடவே கடல் வரைக்கும் போகலாமா?" என்றான். காவிரியோடு பூம்புகார் வரை நான்கு நாளில் போய் வர முடியாது என்பதால், மலையையும் கடலையும் தனித்தனியாகவாவது காட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் அந்த வழியைப் போட்டேன்.

இருவாச்சி:

அவன் கேட்டதை அப்படியே செய்துவிடலாம், தோழி. நான் வால்பாறையில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பிறக்கும் ஓர் ஆற்றைத் தொடர்ந்து இரண்டே நாளில் கடலை அடைந்துவிடலாம். அதுதான் சாலக்குடி ஆறு. மொத்த நீளமே 145 கிலோமீட்டர் அளவுதான். சோலையாறு, பரம்பிக்குளம் ஆறு, காரப்பாறை ஆறு முதலியவை ஆனைமலைக் காடுகளுக்குள் ஒன்றுசேர்ந்து அந்த ஆறாகின்றன. அது வாழச்சால், அதிரப்பள்ளி வழியாக இறங்கி, சாலக்குடி நகரத்தைக் கடந்து, பெரியாற்றில் சேர்ந்து, கொடுங்கல்லூருக்குத் தெற்கே முனம்பம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. வால்பாறையிலிருந்து சாலக்குடிக்குப் போகும் சாலையும் பெரும்பாலும் அந்த ஆற்றின் போக்கிலேயே செல்கிறது.

முதல் நாள் பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்கு வந்து தங்குங்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருக்கிறது. அங்கே பாறை விளிம்புகளில் வரையாடுகள் நிற்பதைப் பல நாட்கள் பார்க்கலாம். வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவை வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் போலக் கட்டியிருப்பதைத் தம்பிக்குக் காட்டுங்கள். தின்பண்டம் எதையும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துப் பழக்கியதனால்தான் அவை சாலைக்கே வருகின்றன.

இரண்டாம் நாள் மேல் சோலையாறு அணையைப் பார்த்துவிட்டுக் கேரள எல்லைக்குள் இறங்கலாம். இந்த அணையைப் பற்றித் திருப்பூர்க் குழந்தைக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. சோலையாறு இயல்பாக மேற்கே அரபிக் கடலுக்குப் போகும் ஆறு. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் அதன் நீரில் ஒரு பகுதியைச் சுரங்கங்கள் வழியாகப் பரம்பிக்குளத்துக்கும், அங்கிருந்து சர்க்கார்பதி வழியாகத் திருமூர்த்தி அணைக்கும் கிழக்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கு லட்சம் ஏக்கர் அதனால் பாசனம் பெறுகிறது. ஆகவே உங்கள் மகன் பின்தொடரப்போகும் ஆற்றின் பாதித் தண்ணீர் கடலுக்குப் போகாமல் அவனுடைய மாவட்டத்துக்கே வந்து சேர்ந்திருக்கும். பாதி என்று நான் சொன்னது பேச்சுக்கு. அளவெல்லாம் இரு மாநில ஒப்பந்தத்தில் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் வந்துவிட்டது, முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, மாலை மயங்கியபின் குழந்தையைத் தேயிலைச் செடிகளின் பக்கம் விளையாட விடாதீர்கள். சிறுத்தை குழந்தைகளைத் தாக்கிய நிகழ்வுகள் இங்கே நடந்திருக்கின்றன; பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நாங்களும் எங்கள் பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறோம்.

கணக்கர்:

யோசனை அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கேள்விகள். மே மாதத்தில் அதிரப்பள்ளியில் என்ன தண்ணீர் இருக்கும்? மழைக்காலப் படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பாறையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அடுத்ததாக, ஏன் கடலிலிருந்து மலைக்குப் போகக் கூடாது? வெயிலில் தொடங்கிக் குளிரில் முடிப்பது குழந்தைக்கு இதமாக இருக்குமே.

இருவாச்சி:

அதிரப்பள்ளி ஏறத்தாழ 80 அடி உயரம். மேலே பெரிங்கல்குத்து அணையும் மின்நிலையமும் இருப்பதால், கோடையில் அங்கே விழுகிற தண்ணீர் எந்த நேரத்தில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆடி மாதத்து அதிரப்பள்ளியை மே மாதத்தில் எதிர்பார்க்க வேண்டாம் என்பது உண்மை. ஆனால் ஆற்றையே பார்க்கப் போகிறவனுக்கு, ஓர் ஆறு கோடையில் எப்படி மெலிகிறது என்பதும் பார்க்க வேண்டியதுதானே? கடலிலிருந்து மலைக்குப் போகலாம் என்ற யோசனைக்கு என்னிடம் ஒரே பதில்: ஆறு அப்படிப் போவதில்லை.

நாற்பது வளைவு:

திசையைப் பற்றி நான் சொல்கிறேன். அது ஆற்றுக்காக மட்டும் அன்று, பிரேக்குக்காகவும்தான். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். புதிதாக மலை ஓட்டுபவருக்கு அவற்றை ஏறுவது எளிது, இறங்குவது கடினம். ஏறும்போது வண்டி தானாக வேகம் குறையும். தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். இறங்கும்போது பயத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருவார்கள். அது சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். ஆகவே ஆழியாறு வழியாக ஏறி, கேரள எல்லையில் உள்ள மளுக்கப்பாறை வழியாக இறங்குவதே உங்களுக்கு ஏற்றது. அந்தப் பக்கம் சாலை குறுகலானது, காட்டு வழி, திருப்பங்கள் பல. ஆனாலும் 40 வளைவுகளை அடுக்கடுக்காக இறங்கும் நெருக்கடி கிடையாது.

ஏறும்போது கைப்பிடியாக வைத்துக்கொள்ள வேண்டியவை சில. வளைவுக்குள் நுழைந்தபின் கியரை மாற்றாதீர்கள். நுழையும் முன்பே இரண்டாவதற்கோ முதலாவதற்கோ வந்துவிடுங்கள். எதிரே பேருந்து வந்தால் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள், ஏனென்றால் அந்த ஓட்டுநருக்குத் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது விதிதான். பேருந்தோடு விதியைப் பற்றிப் பேச வேண்டாம். இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறியிருப்பீர்களோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் உருட்டவே கூடாது. பெட்ரோலை வால்பாறையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து சாலக்குடி ஏறத்தாழ 110 கிலோமீட்டர், இடையில் பெரும்பகுதி காடு.

மளுக்கப்பாறைச் சோதனைச் சாவடியில் வண்டி நுழைந்த நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். பிளாஸ்டிக் பொருட்களையும் பார்ப்பார்கள். மறுமுனையில் வாழச்சாலில் அதைச் சரிபார்ப்பார்கள். இடையில் நிறுத்தி இறங்குவதற்கு அனுமதி இல்லை, மாலைக்குமேல் விடமாட்டார்கள். நண்பகலுக்கு முன்பே நுழைந்துவிடுங்கள். யானை சாலையில் நின்றால் ஒலிப்பானை அழுத்தாமல், விளக்கைப் பாய்ச்சாமல், தொலைவிலேயே நின்று அது போகும் வரை காத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பேருந்தில் இருந்த அறுபது பேரும் அன்றுதான் அவ்வளவு அமைதியாக இருந்தார்கள்.

கொச்சிவாசி:

கடல் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் வருகிறேன். பிறந்தது கோவை, பிழைப்பு பதினைந்து ஆண்டுகளாகக் கொச்சியில்.

சகோதரி, முதலில் பயணத் தேதியை மாற்றுங்கள். மே கடைசி வாரம் வேண்டாம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. ஆனால் 2025இல் அது மே 24 அன்றே வந்துவிட்டது. மழை பிடித்துவிட்டால் மலைச்சாலையில் மரம் விழும், கடலில் கால் நனைக்க முடியாது, நீங்கள் விடுதி அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மே முதல் பத்து நாட்களுக்குள் வந்துவிடுங்கள். பிற்பகலில் இடிமழை அப்போதும் இருக்கும். ஆகவே ஓட்டுவதையெல்லாம் காலையில் முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 'கள்ளக்கடல்'. கேரள மீனவர்கள் சொல்லும் இந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடிக்கும் புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள், பல நாட்கள் பயணம் செய்து இங்கே கரையில் ஏறுகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. திருடன் போலக் கடல் திடீரென்று உள்ளே வரும். ஏப்ரல், மே மாதங்களில்தான் இது மிகுதி. 2024 மே மாதத்தில் இந்த எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. புறப்படும் முன்பும், கடற்கரையை அடையும் நாள் காலையிலும் பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை இருந்தால் மணலில்கூட நிற்க வேண்டாம்.

எச்சரிக்கை இல்லாத நாளில் செராய் கடற்கரை குழந்தைகளுக்கு நல்லது. வைப்பின் தீவில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். இரண்டுக்கும் நடுவே சாலை. அங்கிருந்து வடக்கே சற்றுத் தொலைவில்தான் நீங்கள் தேடும் முனம்பம் முகத்துவாரம். கருங்கல் கொட்டிய அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டிருக்கும். மீன்பிடி விசைப்படகுகள் அதையொட்டிப் போய்வந்துகொண்டிருக்கும். ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும் 52 நாள் விசைப்படகுத் தடைக்கு முன்பு வருவதால் துறைமுகம் சுறுசுறுப்பாக இருக்கும். வழியில் கொடுங்கல்லூரில் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: யவனர் பொன்னைக் கொண்டுவந்து கொடுத்து மிளகை வாங்கிப் போனதாகச் சங்கப் புலவர் பாடிய முசிறி, இந்த முகத்துவாரத்தை ஒட்டித்தான் இருந்தது. பக்கத்தில் உள்ள பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் அகழாய்வு செய்து ரோமானிய மதுச்சாடித் துண்டுகளை எடுத்திருக்கிறார்கள்.

கடைசி நாள் வைப்பினிலிருந்து காரையே ஜங்காரில் (வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகில்) ஏற்றிக் கொச்சிக் கோட்டைப் பகுதிக்குப் போகலாம். சீன வலைகளைப் பார்க்கலாம். 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகில் போகலாம். குழந்தைக்குக் கொண்டாட்டமாக இருக்கும்.

குழந்தைநலம்:

நான் குழந்தை மருத்துவர்; இரண்டு பிள்ளைகளின் தாயும்கூட. 40 வளைவுகளில் வாந்தி வரக்கூடும் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். வெறும் வயிற்றோடும் ஏற்ற வேண்டாம், பூரியும் கிழங்கும் கொடுத்தும் ஏற்ற வேண்டாம். இரண்டு இட்லி போதும், ஏறத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பாக. வளைவுகளில் கைப்பேசியோ புத்தகமோ கையில் இருக்கக் கூடாது. தொலைவில் உள்ள மலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும். வளைவுகளை எண்ணும் வேலையை அவனிடம் கொடுத்துவிட்டால் தானாகவே வெளியே பார்ப்பான். முன்பு வாந்தி எடுத்த பழக்கம் இருந்தால் மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் எடைக்கேற்பக் கேட்டு வாங்குங்கள். கடையில் நேரடியாக வாங்க வேண்டாம்.

பின்னிருக்கையில் பெல்ட் போட்டுத்தான் உட்கார வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கி, மீறினால் 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. பெல்ட் தோளில் படாமல் கழுத்தில் பட்டால் உயரத்தைக் கூட்டும் இருக்கை வாங்கிவிடுங்கள்.

நொய்யல்கரை:

எல்லாவற்றையும் வைத்துத் திட்டத்தை மாற்றிவிட்டேன். மே 4 புறப்படுகிறோம். முதல் இரவு வால்பாறை, இரண்டாம் இரவு அதிரப்பள்ளிக்கு அருகில், மூன்றாம் இரவு செராய், நான்காம் நாள் திருச்சூர், பாலக்காடு வழியாக வீடு. கொச்சிவாசி அண்ணா மன்னிக்க வேண்டும். கொச்சிக் கோட்டையை விட்டுவிட்டேன். மகனிடம் கேட்டேன், ஆறு முடிந்த பிறகு எதற்கு இன்னும் போக வேண்டும் என்றான்.

கொச்சிவாசி:

நியாயமான பையன். ஜங்கார் மட்டும் மனத்தில் உறுத்துகிறது, போகட்டும். திரும்பும் வழியில் குதிரான் சுரங்கப்பாதை வரும். அதைக் கடந்ததும் இருபுறமும் மலை விலகி நிற்பதைக் காட்டுங்கள். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். போகும்போது 40 வளைவுகளில் ஏறிய அதே மலைத்தொடரை, வரும்போது ஒரு வளைவுகூட ஏறாமல் கடந்துவிடுகிறீர்கள்.

நொய்யல்கரை:

திரும்பி வந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. சுருக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை.

வரையாடு தென்படவில்லை. இருபத்திரண்டாவது வளைவில் வாந்தி எடுத்தான். ஆனால் எண்ணிக்கையை விடவில்லை, வாயைக் கொப்பளித்துவிட்டு "இருபத்து மூணு" என்றான். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் எங்களை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தன. சோலையாறு அணையில் நீர் மிகவும் கீழே இருந்தது; கரையில் நீர் நின்ற பழைய உயரங்கள் செம்மண் கோடுகளாகத் தெரிந்தன. நம் ஊருக்குப் போன தண்ணீர் இதுதானா என்று கேட்டான்.

மளுக்கப்பாறையிலிருந்து வாழச்சால் வரை நாங்கள் யானையைப் பார்க்கவில்லை. புதிய சாணத்தை மட்டும் நான்கு இடங்களில் பார்த்தோம். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. எனக்கு அதற்குமேல் வேண்டாம் என்றிருந்தது.

அதிரப்பள்ளி மூன்று இழைகளாக விழுந்துகொண்டிருந்தது. கணக்கர் எச்சரித்திருந்ததால் ஏமாற்றம் இல்லை. அங்கே முன்பதிவு செய்திருந்த விடுதியில் எங்கள் பெயரே இல்லை என்றார்கள். ஒரு மணி நேரம் பேசியபின் வேறோர் இடத்தில் அறை கிடைத்தது. குழந்தையோடு போகிறவர்கள் முந்தைய நாள் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் எதிர்பாராத ஒன்றை அவன் செய்தான். வீட்டிலிருந்து மூன்று கண்ணாடி ஊறுகாய்ப் புட்டிகளை எடுத்து வந்திருக்கிறான். பிளாஸ்டிக்கைப் பிடிப்பார்கள் என்று நீங்கள் எழுதியதை நான் படித்துக்காட்டியபோது கேட்டிருக்கிறான். அதிரப்பள்ளிக்குக் கீழே ஒன்று, சாலக்குடியில் ஒன்று, முனம்பத்தில் ஒன்று என்று ஆற்று நீரை நிரப்பிக்கொண்டான். முனம்பத்தில் அலைத்தடுப்புச் சுவரின் கல் மீது நின்று, காயல் பக்கத்து நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, இங்கே ஆற்றைக் காணவில்லை, ஏற்கெனவே கடலாகிவிட்டது என்றான். எந்த இடத்தில் உப்பானது என்று பார்க்க மறுபடியும் போக வேண்டுமாம்.

கொச்சிவாசி:

கோடையில் நீர்வரத்து குறைந்தால் உப்புநீர் முகத்துவாரத்திலிருந்து வெகுதூரம் உள்ளே ஏறிவிடும். ஐப்பசியில் அதே இடத்தில் தொட்டுப் பார்த்தால் வேறு சுவையாக இருக்கும் என்று சொல்லுங்கள். அப்போது ஜங்காரிலும் ஏற்றிவிடலாம்.

நாற்பது வளைவு:

எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி, அம்மணி. இறங்கும்போது கருகிய வாடை ஏதாவது வந்ததா?

நொய்யல்கரை:

வாழச்சாலுக்குச் சற்று முன்பு வந்தது, ஐயா. மூன்றாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவதற்கு மாற்றியபின் நின்றுவிட்டது.

நாற்பது வளைவு:

பணிமனையில் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பிரேக் கட்டைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெயையும் மாற்றச் சொல்லுங்கள். ஐப்பசிக்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே செய்துவிடுங்கள்.